எஞ்சின் விடும் மூச்சிலிருந்து எண்ணெயைப் பிரிக்க: கேட்ச் கேன் பொருத்துவது எப்படி

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த குழாயை ஒரு நாள் கழற்றி, உள்ளே போகும் காற்றை அளவாக விடும் த்ராட்டில் பாடியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வடிகட்டிய காற்று மட்டும் போகவேண்டிய வழியில், விரலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்சம் ஓடிய எஞ்சின் எதிலும் இது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த எண்ணெய் எந்த வழியாக அங்கே வந்தது என்று புரியாமல், அதை வழியிலேயே பிடித்துவைக்கும் டப்பாவான கேட்ச் கேன் வாங்கக் கிளம்பாதீர்கள். டப்பாவை வாங்கி, கண்ணில் பட்ட முதல் ஹோஸை வெட்டி நடுவில் சொருகிவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்து "ஒன்றுமே சேரவில்லையே" என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன்.

எண்ணெய் அங்கே எப்படிப் போனது

சிலிண்டரில் எரிந்த வாயு முழுவதும் பிஸ்டனைத் தள்ளிவிட்டு எக்ஸாஸ்ட் வழியாகப் போய்விடுவதில்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கொஞ்சம் வாயு ஓரமாக நழுவி, எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் இறங்கும், இதைத்தான் ப்ளோ-பை என்கிறார்கள். அதில் எரிந்த புகையோடு எரியாத பெட்ரோல் ஆவியும் நீராவியும் இருக்கும். கீழே கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி எண்ணெயைச் சிதறடித்துக்கொண்டிருப்பதால் அங்கே எப்போதும் எண்ணெய் மூடுபனிதான். இரண்டும் கலந்து, வெளியே போக வழி தேடும். வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொண்டு வரும்: கிராங்க் ஆயில் சீல், எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரின் கேஸ்கெட், சில சமயம் டிப்ஸ்டிக்கே மேலே எழும்பி நிற்கும்.

பழைய கார்களில் ஒரு குழாயைத் தரைப்பக்கம் நீட்டி, எல்லாவற்றையும் ரோட்டில் ஊதிவிட்டார்கள். கலிபோர்னியாவில் புகைமூட்டம் பெரிய பிரச்சினையான பிறகு, 1961 மாடல் கார்களிலிருந்து அந்த வாயுவை இன்டேக்குக்கே திருப்பி எரிக்கும் ஏற்பாடு அங்கே வந்தது, சில வருடங்களில் மற்ற இடங்களுக்கும் பரவியது. அதுதான் பி.சி.வி. (பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்) அமைப்பு. இன்று கிட்டத்தட்ட எல்லா பெட்ரோல் எஞ்சினிலும் ஏதோ ஒரு வடிவத்தில் அது இருக்கிறது.

இதில் இரண்டு ஹோஸ் உண்டு என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, பி.சி.வி. வால்விலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக்கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போவது. ஐட்லிங்கிலும் மெதுவாக ஓட்டும்போதும் மேனிஃபோல்டில் உறிஞ்சல் பலமாக இருக்கும், அது கிராங்க்கேஸ் வாயுவை இந்த வழியாக இழுத்துக்கொள்ளும். இன்னொன்று, வால்வு கவரின் வேறொரு மூலையிலிருந்து த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் காற்றுக் குழாய்க்குப் போவது. சாதாரண நேரத்தில் இது வழியாகச் சுத்தக் காற்று எஞ்சினுக்குள் வரும், வாயு முதல் ஹோஸ் வழியாக வெளியே போகும்.

ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் கதை மாறும். மேனிஃபோல்டில் உறிஞ்சல் அநேகமாக இல்லாமல் போய்விடும், ப்ளோ-பையோ அந்த நேரத்தில்தான் அதிகம். அப்போது வாயு திசை மாறி, சுத்தக் காற்று வந்துகொண்டிருந்த இரண்டாவது ஹோஸ் வழியாகவே வெளியேறும். டர்போ எஞ்சினில் இன்னும் மோசம்: டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் பூஸ்ட் ஏறியதும் மேனிஃபோல்டு பக்கத்து வால்வு மூடிக்கொள்ளும், மொத்த மூச்சும் டர்போவின் வாய்க்கு முன்னால் போய் விழும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அடியில் எண்ணெய் தேங்குவதற்கு இந்த வழியும் ஒரு காரணம்.

உங்கள் வண்டிக்கு வேண்டுமா

எல்லா வண்டிக்கும் வேண்டாம், இதைச் சொல்லிவிடுவது நல்லது. இன்டேக் போர்ட்டில் பெட்ரோல் தெளிக்கும் சாதாரண எஞ்சினில் அந்தப் பெட்ரோலே இன்டேக் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டிருக்கும், எண்ணெய் படிந்தாலும் பெரிதாக ஒட்டாது. அதை எந்த டப்பாவும் இல்லாமல் காலம் முழுக்க ஓட்டலாம். நேரடியாக சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சினில்தான் வால்வைக் கழுவ ஆளில்லை. எண்ணெய் ஆவி சூடான வால்வில் பட்டுப் பட்டுக் கருகிக் கட்டியாகும், அப்புறம் மேனிஃபோல்டைக் கழற்றி, அரைத்த வால்நட் ஓட்டுத் துகளைப் பீய்ச்சித்தான் அந்தக் கரியை எடுப்பார்கள். டர்போவும் சேர்ந்திருந்தால் நான் தயங்காமல் கேன் போடச் சொல்வேன். எண்ணெய் கலந்த காற்று எஞ்சின் தட்டுவதற்கும் இடம் கொடுக்கும், குறைந்த சுற்றில் அதிக சுமை கொடுக்கும்போது வரும் முன்கூட்டிய வெடிப்புக்கு எண்ணெய்த் துளிகளும் ஒரு காரணம்.

சில எஞ்சின்களில் பி.சி.வி. வால்வும் பிரிப்பானும் வால்வு கவருக்குள்ளேயே அடைத்து வரும், வெளியே ஹோஸே தெரியாது. அங்கே சாதாரண கேன் பொருத்த இடமில்லை, அந்த எஞ்சினுக்கென்றே செய்த அடாப்டர் தகடு கிடைத்தால்தான் உண்டு. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், கவரைத் துளைத்து, ஹோஸ் மாட்டும் குழாய்முனையான நிப்பிள் வைக்கும் விபரீதமெல்லாம் வேண்டாம்.

இன்னொன்று, கேன் மருந்தல்ல. ரிங் தேய்ந்து நீலப் புகை விடும் எஞ்சினுக்கு எவ்வளவு பெரிய டப்பா மாட்டினாலும் அது நிரம்பிக்கொண்டேதான் இருக்கும். முதலில் இருக்கிற பி.சி.வி. வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள், உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் நகர்கிறது என்று அர்த்தம், வராவிட்டால் மாற்றிவிடுங்கள். ஐட்லிங்கில் எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வாயின்மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டால் சரி. காகிதம் மேலே எகிறிப் பறந்தால் முதலில் கம்ப்ரெஷன் பாருங்கள், கேன் அப்புறம். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், அதிகம் ஊற்றியிருந்தால் கிராங்க் அதைக் கடைந்து மூடுபனியைப் பெருக்கும். எண்ணெயின் தரமும் கணக்குதான். நோவாக் எண் என்று ஒன்று உண்டு: எண்ணெயை 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பது. இல்சாக் ஜி.எஃப்-6 தரத்துக்கு உச்சவரம்பு 15 சதவீதம், ஏ.சி.இ.ஏ. சி3 தரத்துக்கு 13. எண்ணெய் டப்பாவின் தொழில்நுட்பத் தாளில் இது இருக்கும், 10-க்குக் கீழே கிடைத்தால் நல்லது.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

வெளியே பளபளப்பு, உள்ளே காலி. சந்தையில் கிடைக்கும் மலிவான கேன் பல இப்படித்தான். இரண்டு நிப்பிளும் மேலே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், வாயு ஒன்றில் நுழைந்து மற்றதில் ஜாலியாக வெளியே போய்விடும். என் முதல் கேனில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தேக்கரண்டி கூடச் சேரவில்லை.

எண்ணெய்த் துளி என்பது நாம் நினைப்பதுபோல் சொட்டு அல்ல, பெரும்பாலானவை சில மைக்ரான் அளவு, அதற்கும் கீழே. காற்றோடு வளைந்து நெளிந்து போய்விடும். அதைப் பிடிக்க மூன்று காரியம் நடக்கவேண்டும்: வேகம் குறையவேண்டும், திசை சட்டென்று திரும்பவேண்டும், பெரிய குளிர்ந்த பரப்பில் உரசவேண்டும். நல்ல கேனில் உள்வரும் குழாய் நேராகக் கீழே இறங்கும் அல்லது சுவரைச் சுற்றி வீசும், நடுவில் தடுப்புத் தகடு இருக்கும், அதன்மேல் ஸ்டெயின்லெஸ் கம்பி வலையோ வெண்கலத் துகள் ஃபில்டரோ இருக்கும், வெளியேறும் வாய் அதற்கும் மேலே. பிடித்த எண்ணெய் தகட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் காற்று அதை மறுபடி அள்ளிக்கொண்டு போக முடியாது. வாங்கும்முன் திறந்து பாருங்கள், திறக்க முடியாத கேனைச் சுத்தம் செய்யவும் முடியாது.

காலி கேன் ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் கம்பி நார் இரண்டு மூன்றைத் தளர்வாக உள்ளே வைத்து, வெளியேறும் வாயில் ஒரு கம்பி வலைத்துண்டை இறுக்கமாகப் பொருத்துங்கள். சாதாரண இரும்பு நார் கூடவே கூடாது. அது துருப்பிடித்து உதிரும், உதிர்ந்தது நேரே சிலிண்டருக்குத்தான் போகும். திணித்து அடைக்கவும் வேண்டாம், வாயால் ஊதிப் பார்த்தால் எதிர்ப்பே தெரியக்கூடாது.

ஏர் கம்ப்ரெசர் லைனில் போடும் தண்ணீர் பிரிப்பானை இதற்குப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மலிவுதான், எண்ணெயையும் பிடிக்கும். ஆனால் அதன் உள்வழி மிகக் குறுகல், கண்ணாடி மாதிரித் தெரியும் பாலிகார்பனேட் கிண்ணம் பெட்ரோல் ஆவியிலும் சூட்டிலும் வெடிப்பு விடும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

கேனைவிட ஹோஸில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஹீட்டர் ஹோஸ் பார்க்க ஒரே மாதிரி கறுப்பாக இருக்கும், ஆனால் அது ஈ.பி.டி.எம். ரப்பர், கூலன்ட்டுக்குச் செய்தது, எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். வண்ண வண்ணமாக வரும் சாதாரண சிலிக்கான் ஹோஸும் எண்ணெயைக் கசியவிடும், வெளிப்பக்கம் வேர்த்த மாதிரி ஆகும். மீன்தொட்டிக்குப் போடும் ட்யூப் மாதிரி இருக்கும் பி.வி.சி. குழாய் சூட்டில் தொய்ந்து, ஐட்லிங் உறிஞ்சலில் சப்பி ஒட்டிக்கொள்ளும். வாங்கவேண்டியது எண்ணெய்க்கும் எரிபொருளுக்கும் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ், அல்லது உள்ளே ஃப்ளூரோ பூச்சு கொடுத்த சிலிக்கான். உறிஞ்சலுக்கும் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், ஏனென்றால் பலம் வெளிப்பக்கம் தள்ளுவதற்குத்தான் கொடுத்திருப்பார்கள், உள்ளே சப்புவதற்கு அல்ல.

உள்விட்டம் கம்பெனி ஹோஸைவிடக் குறையக்கூடாது. அது 10 மி.மீ. என்றால் 10, 19 என்றால் 19. கேனின் நிப்பிள் சிறியதாக இருந்தால் அந்த கேன் உங்கள் வண்டிக்கு இல்லை. இங்கேதான் எஞ்சினின் மூச்சை நாமே நெரிக்கிறோம். எண்ணெய் பிடிக்காத கேன் வெறும் வீண் செலவு, மூச்சை அடைக்கும் கேன் ஆயில் சீலையே பிதுக்கிவிடும்.

பொருத்துவது

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு தொடங்குங்கள். டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஒரு கேன் போதும், பி.சி.வி. வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில். டர்போ என்றால் இதோடு இன்னொரு கேன், வால்வு கவருக்கும் டர்போவுக்கு முன்னால் இருக்கும் காற்றுக் குழாய்க்கும் நடுவில். ஒன்றுதான் வாங்க முடியும், வண்டியை விரட்டி ஓட்டுகிற ஆள் நீங்கள் என்றால் இந்த இரண்டாவது இடத்தையே முதலில் கவனியுங்கள். நான் முதல் தடவை கோட்டைவிட்டது இதில்தான்: பூஸ்டில் ஒரு சொட்டு வாயுகூடப் போகாத ஹோஸில் காலி கேனை மாட்டிவிட்டு, டர்போ பக்கம் ஏன் எண்ணெய் குறையவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இடம் தேடும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டர்போ, ஃபேன், பெல்ட் எதற்கும் அருகில் போகாதீர்கள். குளிர்ந்த இடத்தில் இருந்தால்தான் ஆவி துளியாகும், கிரில்லுக்குப் பின்னால் காற்று படும் மூலை கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. வால்வு கவர் நிப்பிளைவிடத் தாழ்வாக இருக்கட்டும், ஹோஸ் கேனை நோக்கிச் சரிந்தபடியே போகட்டும். நடுவில் ஹோஸ் தொய்ந்து கிண்ணம் மாதிரி வளைந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். பிராக்கெட்டை பாடியில் போல்ட் போட்டு முடுக்குங்கள், ஹோஸில் கொஞ்சம் தளர்வு விடுங்கள், ஏனென்றால் எஞ்சின் தன் ரப்பர் மவுண்டில் ஆடும், பாடி ஆடாது. பானெட் இடிக்குமா என்று சந்தேகம் இருந்தால் கேன் தலையில் ஒரு களிமண் உருண்டையை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள், எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதிலிருந்து இடைவெளி தெரிந்துவிடும்.

பழைய ஹோஸைக் கழற்றும்போது நிதானம் வேண்டும். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் நிப்பிள் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். நான் ஒரு தடவை இழுத்த இழுப்பில் ஹோஸோடு நிப்பிளும் கையோடு வந்து, வால்வு கவரையே மாற்றவேண்டியதாகிவிட்டது. கிளாம்ப்பைத் தளர்த்தி, ஹேர் டிரையரில் ஹோஸை இளக்கி, முதலில் முறுக்கி அசைத்து, அப்புறம் இழுங்கள். கம்பெனி ஹோஸை வெட்டவே வேண்டாம். முழுசாகக் கழற்றி ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டு, புது ஹோஸில் எல்லாவற்றையும் செய்யுங்கள், என்றைக்காவது பழையபடி மாற்றவேண்டி வந்தால் ஐந்து நிமிட வேலை.

கேனில் உள்வாய் எது, வெளிவாய் எது என்று பார்த்து, எஞ்சினிலிருந்து வருவதை உள்வாயிலும் இன்டேக்குக்குப் போவதை வெளிவாயிலும் மாட்டுங்கள். மாற்றி மாட்டினாலும் வண்டி ஓடும், எண்ணெய் மட்டும் சரியாகப் பிரியாது. எல்லா முனைக்கும் கிளாம்ப் போடுங்கள், பிளாஸ்டிக் நிப்பிளில் அளவாக முடுக்குங்கள்.

சிலர் கேனுக்கு மேலே சின்ன ஏர் ஃபில்டர் ஒன்றை மாட்டி வாயுவை வெளியே விட்டுவிடுவார்கள், பார்க்க ரேஸ் வண்டி மாதிரி இருக்கும் என்று. மேனிஃபோல்டு ஹோஸில் இதைச் செய்தால் அது நேரடியான வாக்யூம் லீக். காற்று அளக்கும் சென்சாரைத் தாண்டிக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், கலவையில் பெட்ரோல் மெலிந்து, அதைக் காட்டும் பி0171 என்ற பிழைக் கோட் விழும். மேனிஃபோல்டு வாயை அடைத்துவிட்டு வெளியே திறந்துவிட்டாலும் பெட்ரோல் நாற்றம் கேபினுக்குள் வரும், உள்ளே தங்கும் ஈரமும் அமிலமும் எண்ணெயைக் கெடுக்கும், தவிர பல நாடுகளின் புகை விதிகளில் அது குற்றம். மூடிய சுற்றாகவே வையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டு, ஒரு நீள ட்யூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு இணைப்பின் மேலும் நகர்த்துங்கள், உஸ்ஸென்ற சத்தம் கேட்டால் அங்கே லீக். சோப்புத் தண்ணீர் இங்கே உதவாது, உறிஞ்சல் பக்கமாதலால் குமிழி வராது, உள்ளேதான் போகும். ஸ்கேனர் இருந்தால் வேலைக்கு முன்னால் நீண்டகால ஃபியூயல் ட்ரிம் எண்ணை (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பது) குறித்து வைத்து, ஓரிரு நாள் ஓட்டிய பிறகு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு சதவீதம் அசைந்தால் கவலையில்லை, முன்னால் நன்றாக இருந்தது இப்போது கூட்டல் 10-ஐத் தாண்டுகிறதென்றால் ஏதோ ஒரு மூட்டு காற்று குடிக்கிறது. கேனின் அடியில் இருக்கும் வடிகால் வால்வையும் பாருங்கள், பல சமயம் லீக் அங்கேதான். காகிதச் சோதனையையும் இன்னொரு முறை செய்யுங்கள், முன்பு இழுத்த காகிதம் இப்போது இழுக்கவில்லையென்றால் புது ஏற்பாடு எங்கேயோ நெரிக்கிறது.

முதல் 500 கிலோமீட்டரில் திறந்து பாருங்கள், பிறகு 1000-ல். அதிலிருந்து உங்கள் எஞ்சின் எவ்வளவு விடுகிறது என்று பிடிபடும், பாதி நிரம்பும்முன் வடித்துவிடும்படி இடைவெளியை வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் எண்ணெய் மாற்றும்போது கட்டாயம். வருவது சுத்தமான எண்ணெயாக இருக்காது. குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் குளிர்காலத்திலும் வெளிறிய மஞ்சளில் நுரைத்த கூழ் மாதிரி வரும், தண்ணீரும் பெட்ரோலும் எண்ணெயும் கலந்தது. அதைப் பார்த்து ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று அலறவேண்டாம். வெயில் காலத்தில், நீண்ட பயணத்துக்குப் பிறகும் அப்படியே வந்து, கூலன்ட் அளவும் இறங்கிக்கொண்டிருந்தால்தான் அந்தச் சந்தேகம் நியாயம்.

உறைபனி விழும் இடத்தில் ஓட்டுகிறீர்கள் என்றால் வாராவாரம் வடியுங்கள், இல்லையேல் குளிர்காலம் முடியும்வரை கேனைக் கழற்றிப் பழைய ஹோஸை மாட்டிவிடுங்கள். கேனில் தண்ணீர் உறைந்து வழியை அடைத்தால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

வடித்ததைத் திரும்ப எஞ்சினில் ஊற்றாதீர்கள், எண்ணெய் வீணாகிறதே என்று தோன்றும், ஆனால் அதில் தண்ணீரும் அமிலமும்தான் பாதி. சாக்கடையிலும் வேண்டாம், பழைய எஞ்சின் எண்ணெயை எங்கே கொடுக்கிறீர்களோ அங்கேயே கொடுத்துவிடுங்கள். வடிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பெட்ரோல் கலந்திருப்பதால் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை கேனை முழுக்கப் பிரித்து, வலையைப் பிரேக் கிளீனரில் அலசி உலர்த்தி மாட்டுங்கள்.

நான் வடிப்பதை அளவுக்கோடு போட்ட ஒரு பாட்டிலில் ஊற்றி, தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் அதன்மேல் ஒட்டிய தாளில் எழுதி வைக்கிறேன். ஒரே மாதிரி ஓட்டத்தில் அளவு திடீரென்று இரண்டு மடங்கானால், புகை கண்ணுக்குத் தெரியும் முன்பே ரிங்கையோ பி.சி.வி. வால்வையோ பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டதென்று அந்தத் தாளில் தெரிந்துவிடும்.